பக்கத்துக்கு ஆயிரம் பேர், பதிவுக்கு ஐம்பது பேர்

"சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறேன். ஃபேஸ்புக் பக்கத்தில் ஆயிரம் ஃபாலோயர்கள். எதைப் போட்டாலும் ஐம்பது பேர்கூடப் பார்ப்பதில்லை. காசு கட்டி 'பூஸ்ட்' செய்தாலும் பெரிய கம்பெனிகளிடம் தோற்றுத்தானே போவேன்?" வாசகர் ஒருவரின் கேள்வி இது.

முதல் பாதிக்குப் பதில் எளிது. ஒருவர் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அவருக்குக் காட்டத் தகுந்த பதிவுகள் சராசரியாக 1,500 காத்திருக்கின்றன என்று ஃபேஸ்புக்கே 2013-இல் சொன்னது. அத்தனையையும் யார் பார்ப்பது? போட்டவர் யார், எந்த வகைப் பதிவு, எவ்வளவு பழசு என்றெல்லாம் மதிப்பெண் போட்டு ஃபேஸ்புக்கின் கணினி இயந்திரம் வரிசைப்படுத்துகிறது. நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். தொழில் பக்கங்கள் இன்னும் பின்னால் தள்ளப்பட்டன.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. பூஸ்ட் செய்தால் உங்கள் பதிவு காசு கட்டிய விளம்பரமாகிவிடும். ஒருவர் விரலால் திரையைத் தள்ளும்போது ஒரு விளம்பர இடம் காலியாகிறது. கண் இமைப்பதற்குள் அந்த ஓர் இடத்துக்கு ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஆனால் அதிகம் கேட்டவருக்கு இடம் போவதில்லை!

ஒரு பெரிய நிறுவனம் ஒரு க்ளிக்குக்கு 100 அலகு தருகிறேன் என்கிறது. இந்த மனிதர் அதை க்ளிக் செய்ய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று இயந்திரம் கணிக்கிறது. பெருக்கினால் 0.1. நீங்கள் கேட்பது வெறும் 20. ஆனால் உங்கள் பொருளைத் தேடிக்கொண்டிருப்பவர் அவர், வாய்ப்பு நூற்றில் ஒன்று. பெருக்கினால் 0.2. இடம் உங்களுக்கு. (விளம்பரத்தின் தரத்துக்கும் தனியாக ஒரு மதிப்பு சேரும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

இனிமேல்தான் அழகு. நீங்கள் 20 கட்ட வேண்டாம். எதிராளியின் 0.1-ஐத் தாண்ட எவ்வளவு போதுமோ அவ்வளவுதான்: 10. குறைத்துக் கேட்டால் செலவு மிச்சமாகாது, இடம்தான் பறிபோகும். கூட்டிக் கேட்டால் பொருளின் மதிப்புக்கு மேல் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஆகவே மனதில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே லாபம். பொய் சொல்லத் தேவையே இல்லாத ஓர் ஏலம்! பூஸ்ட் செய்யும்போது நீங்கள் ஒதுக்கிய தொகைக்குள் இயந்திரமே உங்கள் சார்பில் விலை கேட்கிறது.

இந்தத் தர்க்கத்தைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதினார். வெறும் காகிதக் கணக்கு, இணையமே கிடையாது. 1996-இல் நோபல் அறிவித்த மூன்றே நாளில் இறந்துபோனார். பல இடங்களை ஒரே நேரத்தில் ஏலம் விட அவர் கணக்கைப் பிறர் விரிவாக்கினார்கள். ஃபேஸ்புக் எடுத்துக்கொண்டது அந்த வடிவத்தைத்தான். 'இதனால் உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டே ஆராய்ச்சி விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் நிதிக் குழுக்களுக்கு இந்தக் கதையை யாராவது சொன்னால் தேவலை.

கணக்கில் எல்லாம் அந்த 'வாய்ப்பு' என்ற எண்ணில்தான் தொங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய லைக்குகள் கேடாவது இங்கேதான். போலிக் கணக்குகள் எதையும் வாங்குவதில்லை, எதற்கும் பதில் போடுவதில்லை. உங்கள் பதிவுகள் யாரையும் ஈர்ப்பதில்லை என்று இயந்திரம் பாடம் படித்துக்கொள்கிறது. பதிவு போட 'பொன்னான நிமிடம்' குறித்துத் தந்து கட்டணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஜோசியம் என்றே சொல்வேன். பதிவு பழசாகப் பழசாக மதிப்பெண் குறையும் என்பது உண்மை. யாருக்கும் வேண்டாத பதிவை எந்த நிமிடமும் தூக்கிவிடாது.

அந்த எண்ணை இயந்திரம் கற்றுக்கொள்ளவும் அவகாசம் வேண்டும். ஒரு வாரத்தில் சுமார் 50 முறையாவது நீங்கள் எதிர்பார்த்தது நடந்த பிறகே கணிப்பு நிலைபெறும் என்பது ஃபேஸ்புக்கின் வழிகாட்டுதல். நடுவில் விளம்பரப் படத்தையும், எந்த ஊர், எந்த வயதுக்காரருக்குக் காட்டுவது என்பதையும் தினமும் மாற்றிக்கொண்டிருந்தால், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.