'கொணர்வு' அல்ல, காற்றடி தூரம்

அமெரிக்காவின் அலாஸ்காவில் சிஷ்மரெஃப் என்ற தீவு ஊரைப் பற்றிய ஒரு கட்டுரையின் தமிழாக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: 'கடற்பனி பின்வாங்கியதால் காற்றின் கொணர்வு அதிகரித்து, புயல் அலைகள் கரையை அரிக்கின்றன.' கொணர்வா? எதை, எங்கிருந்து? இந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்தச் சொல்லை நாலு இடத்தில் பார்த்துவிட்டேன். ஓரிடத்தில் 'கொணர்வு நீளம்', இன்னோரிடத்தில் 'கொண்டுவரு தொலைவு'. நாலாவது தடவை பொறுமை போய்விட்டது.

ஆங்கில மூலச்சொல் 'ஃபெட்ச்' (fetch). கடலியலில் அதன் பொருள் ரொம்ப எளிது. காற்று ஒரே திசையில், இடையில் தடை ஏதும் இல்லாமல், திறந்த நீரின் மேல் எவ்வளவு தூரம் அடிக்கிறதோ அந்தத் தூரம். ஓர் அலை எவ்வளவு உயரும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது அடிக்கும் நேரம், இந்தத் தூரம். எவ்வளவு பெரிய சூறைக்காற்று வீசினாலும் கிணற்றில் அலை எழாது. ஏரியில் எழும். அங்கேயும் காற்று புறப்படும் கரையில் தண்ணீர் சிலிர்த்துக்கொள்வதோடு சரி. எதிர்க்கரையில்தான் சளார் சளார் என்று மோதும். காற்று அதே காற்று. நடுவில் இருக்கும் தூரம்தான் வித்தியாசம்.

சொல்லின் பிறப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் பழைய வினைச்சொல், 'போய் எடுத்து வா' என்பது முதல் பொருள். ஆனால் கப்பல்காரர்கள் பேச்சில் அதற்கு 'எட்டு, போய்ச்சேர்' என்றும் ஒரு பொருள் உண்டு. துறைமுகத்தை 'ஃபெட்ச்' செய்தோம் என்றால் துறைமுகத்தை எட்டிவிட்டோம் என்று அர்த்தம். கடலியல் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது இந்தப் பொருள்தான். அகராதியைப் புரட்டியவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார், நமக்குக் 'கொணர்வு' கிடைத்தது.

நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் தனித்தமிழ்ப் பற்றாளர். 'கொணர்தல் நல்ல தமிழ்ச்சொல்லாயிற்றே, காற்று அலையைக் கொண்டுதானே வருகிறது, என்ன தப்பு?' என்றார். தப்பு அங்கேதான் இருக்கிறது. காற்று அலையை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருவதில்லை. தான் தொட்டுப் போகும் நீரில் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை ஏற்றுகிறது. முதலில் சிற்றலை. அதன் முதுகைக் காற்று பிடித்துத் தள்ள, அது வளர்கிறது. வளர்ந்த அலையைத் தள்ளக் காற்றுக்கு இன்னும் வசதி. தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுழல்கிறது, நகர்வது ஆற்றல்தான். அலை வளர்வதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தின் நீளத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். கொணர்வு ஒரு செயலின் பெயர். செயலின் பெயரைக் கொண்டுபோய் இடத்துக்குச் சூட்டினால் வாசகனுக்கு எதுவும் விளங்காது.

துருவக் கடல்களில் இந்தக் குழப்பம் இன்னும் மோசமாகிறது. அலாஸ்காவுக்கு வடக்கே இருக்கும் போஃபோர்ட் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் கரை வரைக்கும் பனிக்கட்டி மூடிக் கிடக்கும். புயல் எவ்வளவு அடித்தாலும் அலை கிடையாது, தள்ளுவதற்குத் தண்ணீரே வெளியில் இல்லை. கோடை முடிந்து செப்டம்பர் வந்தால் பனிக்கட்டியின் விளிம்பு வடக்கே விலகிப் போய்விடும். இப்போதெல்லாம் சில வருடங்களில் 1000 கிலோமீட்டருக்கும் மேல் திறந்த நீர். 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனிக்கட்டியின் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. அதே மாதம் ஒரு புயலின்போது போஃபோர்ட் கடலின் நடுவில் 5 மீட்டர் உயர அலைகளை அளந்தார்கள். 5 மீட்டர் அலைக்குத் தேவையான காற்று அங்கே முன்பும் அடித்ததுதான். புதிதாகக் கிடைத்தது தூரம்.

'காற்றின் கொணர்வு அதிகரித்தது' என்று எழுதினால் இந்தச் சேதி தலைகீழாகிவிடுகிறது. படிக்கிறவர் காற்று பலமாகிவிட்டது, புயல் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்வார். பனிக்கட்டி விலகி இடம் கிடைத்ததால் அலை வளர்ந்தது என்பதுதான் கட்டுரையின் உயிர். ஒரு சொல் அதை விழுங்கிவிட்டது.

சிஷ்மரெஃப்பில் நடப்பதும் இதேதான். அலாஸ்காவின் வடமேற்கே சுக்சி கடலோரத்தில் ஒரு மணல் தீவு. சுமார் 600 பேர், பெரும்பாலும் இன்யூபியாக் என்ற பூர்வகுடி மக்கள். அக்டோபர், நவம்பர் மாதப் புயல்கள் அங்கே புதியவை அல்ல. முன்பு அந்த நேரத்துக்குள் கரையோரம் உறைந்து, பனிக்கட்டியே மதில்போல நின்றுவிடும். இப்போது உறைவது தள்ளிப்போகிறது, புயல் மட்டும் பழைய நேரத்துக்கே வந்துவிடுகிறது. அடியில் உறைமண், அதாவது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். அலை அதை அடியிலிருந்து குடைந்து உருக்க, மேலே இருப்பது பொத்தென்று விழுகிறது. 2016இல் ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பு வைத்து, இடம்பெயர்வது என்று முடிவு செய்தார்கள்.

எதிர்முனைக்கு வருவோம், அண்டார்க்டிகா. 1912இல் ஆஸ்திரேலியத் துருவப் பயணி மாசனின் குழு தங்கியிருந்த டெனிசன் முனை, கடல்மட்டத்தில் மிகப் பலத்த காற்றடிக்கும் இடங்களில் ஒன்று. அந்தக் காற்று உள்நாட்டுப் பனிமேட்டிலிருந்து சரிவில் இறங்கிக் கடலை நோக்கி ஓடுகிறது. அதனால் கரையை ஒட்டிப் பெரிய அலை எழ முடியாது. நீர் சிதறும், நுரைக்கும், அவ்வளவுதான். காற்றுக்கான தூரமே அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து வடக்கே, அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலின் நடுவுக்குப் போனால் கதையே வேறு. 60 பாகைத் தென் அட்சரேகையில் உலகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும் நிலம் குறுக்கிடாது. நியூசிலாந்துக்குத் தெற்கே கேம்பல் தீவுக்குப் பக்கத்தில் 2018 மே மாதம் ஒரு மிதவை 23.8 மீட்டர் உயர அலையைப் பதிவு செய்தது. ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். 'கொணர்வு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டு இடங்களின் வேறுபாட்டை ஒருவர் விளக்கிக் காட்டட்டும், பார்க்கலாம்.

இந்தத் தூரத்தைக் கணக்காக்கியவர் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் தந்த சூத்திரம் மனக்கணக்காகவே போடலாம். தூரத்தைக் கடல்மைலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கினால் அலையின் உயரம் அடியில் வரும். 25 கடல்மைலுக்கு ஏழரை அடி, 100 கடல்மைலுக்கு 15 அடி, 400க்கு 30 அடி. தோராயமான கணக்குதான், காற்றின் வேகம் அதில் கிடையாது. இரண்டாம் உலகப்போரின்போது கடலியலாளர்கள் ஸ்வெர்ட்ரப்பும் மங்க்கும் காற்றின் வேகத்தையும் நேரத்தையும் சேர்த்து அதை ஒழுங்குபடுத்தினார்கள். படைகள் கரையிறங்கும் நாளில் அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் தேவை. ஸ்வெர்ட்ரப் அதற்கு முன் துருவப் பயணி அமுண்ட்சனின் மோட் கப்பலில் ஆர்க்டிக் பனிக்கட்டிக்கு நடுவே வருடக்கணக்கில் இருந்தவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காற்று வீச்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூட இயற்பியலில் வீச்சு என்பது அலையின் ஏற்ற அளவு. அலையைப் பற்றிய கட்டுரையில் அதே சொல்லை வேறு பொருளில் போடுவது வம்பை விலைகொடுத்து வாங்குவது. 'காற்றோட்டத் தூரம்' என்றால் ஜன்னல் வைத்த வீடு நினைவுக்கு வரும். 'காற்றோடு தூரம்' என்று வினைத்தொகையாகக் கட்டிப்பார்த்தேன். காற்றுடன் சேர்ந்த தூரம் என்று படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். நண்பர் தந்தது 'வளிநீட்சி'. யோகாசனத்தின் பெயர்போல இருக்கிறது. காற்று என்பதும் தமிழ்தானே, அதை ஏன் வளி என்று மாற்றினால்தான் அறிவியல் ஆகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எனக்குப் பிடித்தது 'காற்றடி தூரம்'. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தைக் கூப்பிடு தூரம் என்கிறோம். காற்று அடிக்கும் மாதங்களைக் காற்றடி காலம் என்கிறோம். இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது. மீனவரிடம் சொன்னாலும் மாணவியிடம் சொன்னாலும் விளக்கம் கேட்கமாட்டார்கள். தூரம் வடமொழி, தொலைவு என்று போடு என்றார் நண்பர். போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'கூப்பிடு தொலைவு' என்று அவர் வீட்டில் யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

காற்றடி தூரம் என்று வைத்துக்கொண்டால் இன்னொன்றும் தெளிவாகும். அந்தத் தூரத்தைத் தாண்டி வெளியேறிய அலை, காற்றே இல்லாத கடலிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். தென்கடல் புயல்களில் பிறந்த நெடிய அலைகள் சில நாள் கழித்துக் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் வந்து ஏறுகின்றன. உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, கடல் மட்டும் திடீரென்று தெருவுக்குள் வருகிறது. அதற்குக் கேரள மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். திருடன்போல வருவதால் அந்தப் பெயர். அகராதியின் முதல் வரியைப் பெயர்த்து எவரும் இப்படி ஒரு சொல்லைச் செய்திருக்க முடியாது. நம் செய்திகளில் இதற்கும் 'கடல் சீற்றம்', சாதாரண மழைக்காலக் கொந்தளிப்புக்கும் 'கடல் சீற்றம்'.

பனி விஷயத்திலும் இதே சோம்பல். மலையில் வழியும் பனியாறு, அதிலிருந்து உடைந்து மிதக்கும் மலை, கடல்நீரே உறைந்த கடற்பனிக்கட்டி, மூன்றுக்கும் செய்தித்தாளில் ஒரே பெயர், பனிப்பாறை. கடற்பனிக்கட்டி உருகினால் கடல்மட்டம் பெரிதாக உயராது, ஏற்கெனவே மிதப்பதுதானே. பனியாறு உருகினால் உயரும். ஒரே சொல்லால் இரண்டையும் சொன்னால் இதை எப்படி எழுதுவது?

அந்தக் கட்டுரையில் நான் திருத்திக் கொடுத்த வாக்கியம் இது: 'கடற்பனிக்கட்டி விலகியதால் காற்றடி தூரம் நீண்டு, புயல் அலைகள் முன்னைவிட உயர்ந்து வந்து கரையை அரிக்கின்றன.' நேற்று அச்சுக்குப் போகும் படி வந்தது. காற்றடி தூரம் அப்படியே இருந்தது, சந்தோஷம். கடற்பனிக்கட்டி இருந்த இடத்தில் பனிப்பாறை உட்கார்ந்திருந்தது.