கேட்காமல் நிரப்பிக்கொள்ளும் வாசகர்: மொத்த டி.என்.எஸ். கருவிக்கு ஆவணம் எழுதுதல்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சிறு நிறுவனங்களின் இணையத்தளங்களைப் பராமரிக்கும் எம்போன்றோருக்கு, பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் சுற்றுலாப் பருவம் தொடங்குவதற்கு முந்திய வாரங்களில், இணையப் பெயர்களைச் சேர்வர் முகவரிகளுடன் இணைக்கும் டி.என்.எஸ். பதிவுகளின் வேலை குவிந்துவிடும். விடுதித் தளத்தின் சேர்வர் முகவரியைக் காட்டும் ஏ பதிவு, மின்னஞ்சலுக்கு எம்.எக்ஸ். பதிவு, முன்பதிவுச் சேவையின் பெயருக்குத் திருப்பிவிடும் சி-நேம் பதிவு, டொமைன் உரிமையை உறுதிப்படுத்த டி.எக்ஸ்.டி. பதிவு என நீளும் பட்டியலை இப்போது பலர், கருவிகளைக் கொண்டு வேலையைத் தானே செய்துமுடிக்கும் மென்பொருளான ஏ.ஐ. முகவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம், ஏ.ஐ.யை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையை வெளியிட்ட பின்னர், ஒரே அழைப்பில் பல பதிவுகளை உருவாக்கும் கருவியை முகவருடன் இணைப்பது எளிதாகிவிட்டது. ஆனால் அக்கருவிக்கான ஆவணம் இன்னமும் அனுபவமுள்ள ஒரு பொறியியலாளரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. அந்தப் பொறியியலாளர் ஆவணத்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் கையை நிறுத்திவிட்டு யாரிடமாவது கேட்பார். முகவர் பெரும்பாலும் அந்த இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே போய்விடும். நூறு பதிவுகளை ஒரே தடவையில் எழுதும் கருவியில் ஓர் ஊகம் பிழைத்தால் நூறு இடங்களில் பிழைக்கும்.

மிகச் சாதாரணமான ‘பெயர்’ என்னும் புலத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் துணைப்பெயரை மட்டும் இடவேண்டுமா, டொமைனுடன் சேர்த்து முழுப் பெயரையும் இடவேண்டுமா என்பதை ஆவணம் சொல்லாவிட்டால், முகவர் முழுப் பெயரை இட, கருவி அதன் பின்னால் டொமைனை மீண்டும் ஒட்டி, டொமைன் இரண்டு முறை வரும் பெயரொன்றை உருவாக்கிவிடும். அழைப்பு வெற்றி என்றே பதில் வரும். தளம் மட்டும் திறக்காது. .இலங்கை என முடியும் தமிழ் டொமைன்களுக்கு இன்னொரு வரியும் தேவை: கருவி தமிழ் எழுத்தை அப்படியே ஏற்குமா, அல்லது ‘எக்ஸ்-என்’ என்று தொடங்கும் மாற்று வடிவத்தையே கேட்குமா என்பது.

அண்மையில் கல்முனைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவரின் விலைப்பட்டியல் மின்னஞ்சல்கள் எல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கின. புதிய அஞ்சல் சேவையொன்றைச் சேர்க்குமாறு அவர் முகவரிடம் சொல்லியிருந்தார். முகவரோ, டொமைனின் பெயரில் எந்தச் சேர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் டி.எக்ஸ்.டி. பதிவாக ஏற்கெனவே இருந்த எஸ்.பி.எஃப். பதிவைத் தொடாமல், பக்கத்திலேயே இரண்டாவது எஸ்.பி.எஃப். பதிவொன்றை உருவாக்கியிருந்தது. ஒரே பெயருக்கு இத்தகைய பதிவு இரண்டு இருந்தால், 2014இன் எஸ்.பி.எஃப். வரையறைப்படி சரிபார்ப்பு நிரந்தரப் பிழையாக முடியும். கருவியின் ஆவணத்தில் இருந்ததோ ‘டி.எக்ஸ்.டி. பதிவை உருவாக்கும்’ என்ற ஒற்றை வரி. எஸ்.பி.எஃப். ஏற்கெனவே இருப்பின் அதைத் திருத்த வேண்டும், புதிதாக உருவாக்கக் கூடாது என்பதை அந்த வரிக்குக் கீழேயே எழுத வேண்டும். வேறு பக்கத்தில் எழுதினால் முகவர் அதைப் பார்க்காமலே போகலாம்.

பலர் கவனிக்காத சிக்கல் சரிபார்ப்பில் இருக்கிறது. முகவர் உருவாக்குவதற்கு முன் அப்பெயர் உள்ளதா என்று தேடும். ‘இல்லை’ என்று பதில் வரும். அந்த ‘இல்லை’யையும், நமக்காகப் பெயர்களைத் தேடித்தரும் இடைநிலைத் தீர்வி சேர்வர், மண்டலத்தின் (டொமைனின் பதிவுத் தொகுப்பின்) தலைமைப் பதிவான எஸ்.ஓ.ஏ. குறிக்கும் நேரம் வரை நினைவில் வைத்திருக்கும். அந்நேரம் 3600 வினாடிகளாக இருந்தால், பதிவு சரியாக உருவான பின்னரும் ஒரு மணித்தியாலம் வரை அதே சேர்வர் ‘இல்லை’ என்றே சொல்லக்கூடும். இதை அறியாத முகவர் மீண்டும் உருவாக்கப் பார்க்கும், அல்லது சரியாக இருந்ததை அழித்துவிட்டு வேறு விதமாக முயலும். டொமைனுக்கு அதிகாரமுள்ள பெயர்ச் சேர்வரிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று ஆவணத்தில் ஒரு வசனம் இருந்தால் இந்த ஓட்டம் முழுவதும் நின்றுவிடும். “வேலை செய்யுதுதானே, பிறகென்ன ஆவணம்?” என்று கேட்கும் எம் நண்பர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஏ பதிவுள்ள பெயருக்கு சி-நேம் வைக்க முடியாது. எனவே மொத்தப் பட்டியலில் ஒன்று நிராகரிக்கப்படுவது சகஜம். அப்போது மற்றவை எழுதப்பட்டனவா, எல்லாமே கைவிடப்பட்டனவா என்பதை ஆவணமும் பிழைச் செய்தியும் ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். ‘கோரிக்கை தோல்வி’ என்று மட்டும் வந்தால் முகவர் முழுப் பட்டியலையும் திரும்ப அனுப்பும். எந்த வரி, எந்தப் பெயர், எதனுடன் மோதுகிறது என்று பிழைச் செய்தி சொன்னால் அதை மட்டும் திருத்தும்.

எடுத்துக்காட்டுகளில் உண்மையான முகவரிகளை இடாதீர்கள். முகவர் அவற்றை அப்படியே நகலெடுக்கும் வாய்ப்பு உண்டு. 192.0.2 என்று தொடங்கும் முகவரிகள் ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. தவறி மண்டலத்தில் ஏறினாலும் அவை வேறொருவரின் சேர்வரைக் காட்டா.

அனுமதித் திறவுகோல் ஒரு டொமைனுக்கு மட்டும் செல்லுபடியாவதும், எழுதாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் முறை இயல்பிருப்பாக இருப்பதும் கருவியை உருவாக்குபவரின் பொறுப்பு. உருவாக்கிய ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணையும் கருவி திருப்பித் தரும் என்பதையும், பிழை நேர்ந்தால் அவ்வெண்களுக்குரியவற்றை மட்டுமே நீக்க வேண்டும் என்பதையும் ஆவணத்தின் முதற் பந்தியிலேயே எழுதிவிடுங்கள்.