பெயெல்செபூல்: ஓரெழுத்தில் ஈயாகிப்போன சாமி

பைபிளில் பிசாசுகளின் தலைவனுக்குப் பெயர் பெயெல்செபூல். ‘பெயெல்’ என்று தொடங்குவதால், இந்தச் சொல்லுக்குள் நம்மூர்ப் பேய் ஒன்று ஒளிந்திருப்பதாகக் காதில் விழும். உண்மையில் இது பழைய கானான் நாட்டுச் சொல் (இன்றைய இஸ்ரேல், லெபனான் பக்கம்). பாகால், செபூல் என்று இரண்டாகப் பிரியும்.

பாகால் என்பது அங்கே இடிக்கும் மழைக்கும் உரிய கடவுள். ஆனால் முதலில் அது வெறும் பட்டம்தான். வீட்டுக்கு உரியவன் பாகால், நிலத்துக்கு உரியவன் பாகால், மனைவிக்குக் கணவனும் பாகால். இதற்குக் கச்சிதமான தமிழ்ச் சொல் ‘கிழவன்’. இன்றைய தாத்தாவைச் சொல்லவில்லை. தொல்காப்பியத்தில் கிழத்தியோடு வரும் கிழவனைச் சொல்கிறேன். உரிமையுள்ள தலைவன் என்பது பொருள். குழப்பம் வேண்டாமென்றால் ‘உடையான்’ எனலாம். கார்த்தேஜ் படைத்தலைவன் ஹன்னிபாலின் பெயர் வாலிலும் இதே பாகால்தான்.

சரி, செபூல்? 1928இல் சிரியாக் கடற்கரையில் ஒரு உழவரின் ஏர் பழைய கல்லறை ஒன்றில் இடித்தது. மறு ஆண்டு தோண்ட ஆரம்பித்தார்கள். உகாரித் என்ற நகரம் வெளியே வந்தது. அங்கே கிடைத்த களிமண் பலகைகள் பாகாலை ‘கோமகன், மண்ணை உடையான்’ என்று போற்றுகின்றன. அந்தக் ‘கோமகன்’தான் செபூல்.

இப்போது எபிரேய வேதத்துக்கு, அதாவது பைபிளின் பழைய ஏற்பாட்டுக்கு வருவோம். அதில் 2 இராஜாக்கள் என்ற நூலின் முதல் அதிகாரம். இஸ்ரவேலின் அகசியா ராஜா மேல்வீட்டுக் கிராதி வழியே விழுந்து படுத்த படுக்கையாகிறான். பிழைப்பேனா என்று கேட்டுவர பெலிஸ்தரின் எக்ரோன் ஊர்ச் சாமியிடம் ஆளனுப்புகிறான். சாமியின் பெயர் அங்கே பாகால்சேபூப். கடைசி ‘ல்’ போய் ‘ப்’ வந்துவிட்டது. எபிரேயத்தில் ‘செபூப்’ என்றால் ஈ! கோமகனை வேண்டுமென்றே ஈக்கடவுள் ஆக்கிய கிண்டல் இது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் அந்த வேதத்தை எழுதியவர்களுக்கு இது கைவந்த வேலை. இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் மகன் பெயர் அதே வேதத்தின் நாளாகமம் நூலில் ‘எஸ்பால்’. சாமுவேல் நூலில் அதே ஆள் ‘இஸ்போசேத்’. பாகாலை எடுத்துவிட்டு, வெட்கம் என்று பொருள்படும் ‘போசேத்’தைச் செருகியிருக்கிறார்கள்.

அப்புறம் நற்செய்தி நூல்களில் இவர் பிசாசுகளின் தலைவனாகவே ஆகிவிட்டார். கிரேக்கப் பிரதிகள் பழைய ‘ல்’லைக் காப்பாற்றி வைத்தன, தமிழும் அதைப் பின்பற்றியது. லத்தீன் வழியாகப் போன ஆங்கிலத்துக்குத்தான் ‘Beelzebub’ என்று ஈ ஒட்டிக்கொண்டது.

தமிழாக்கினால் பெயெல்செபூல் ‘கோவுடையான்’, பாகால்சேபூப் ‘ஈயுடையான்’. பிசாசு வடசொல். தமிழில் பேய் உண்டு, ‘வையத்து அலகையா வைக்கப் படும்’ என்று வள்ளுவர் சொன்ன அலகையும் உண்டு. 1995இல் வந்த தமிழ் பைபிளான திருவிவிலியம் பிசாசு என்ற இடத்தில் அலகையை எடுத்துக்கொண்டது.

அதே திருவிவிலியம் இவர் பெயரைப் ‘பெயல்செபூல்’ என்று எழுதுகிறது. சங்கத் தமிழில் பெயல் என்றால் மழை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பழைய மழைச்சாமிக்குத் தமிழில் மட்டும் பறிபோன வேலை திரும்பக் கிடைத்திருக்கிறது.