வேர்ஷன் நம்பருக்கு சமன் போடாதைங்கோ

போன கிழமை வட்டக்கச்சிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் கிளிநொச்சியில இருக்கிற என்ர றூமுக்கு லப்டொப்போட வந்தான். தோட்டக் கிணத்து மோட்டரை தண்ணி மட்டம் பாத்து நிப்பாட்டுற சின்ன சீ புரோகிராம் ஒண்டு எழுதி வச்சிருக்கிறான், பழைய லப்டொப்பில வடிவா ஓடினது, புதுசு வாங்கி ஜீசிசி 15 (சீ கோடை ஓடுற புரோகிராமா மாத்துற கொம்பைலர்) போட்டோன கொம்பைலே ஆகுதில்லையாம். "அண்ணை, ஒரு எழுத்தும் மாத்தேல்ல" எண்டு சத்தியம் பண்ணாத குறை.

திறந்தா மேலயே கிடக்கு. எஸ்ரிடிசி வேர்ஷன் எண்ட மக்ரோ (கொம்பைலர் எந்தச் சீ பதிப்பில நிக்குது எண்டு நம்பராச் சொல்லுற பேர்), முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு ரெண்டு அண்டர்ஸ்கோர் வருமே அதுதான், 201112க்கு சமனெண்டா பூல் எண்ட உண்மை-பொய் வகையைத் தாற எஸ்ரிடிபூல் ஹெடரை எடு, இல்லாட்டி இன்ட்டை பூல் எண்டு டைப்டெஃப் பண்ணு, அதாவது முழு எண் வகைக்கு பூல் எண்டு இன்னொரு பேர் வை. பழையதில இருந்தது ஜீசிசி 5, ஒப்ஷன் ஒண்டும் குடுக்காட்டி அது சீ மொழியின்ர 2011 பதிப்பான சீ11 பக்கம் நிக்கும், சமன் சரிவந்திட்டுது. ஜீசிசி 15 நிக்கிறது சீ23இல, நம்பர் 202311. சமனில்லை எண்டு டைப்டெஃபுக்குப் போகுது, ஆனா சீ23இல பூல் கீவேர்டாப் போச்சு (மொழியே தனக்கெண்டு எடுத்துவச்ச சொல்), பிறகு எங்க விடும்? 199901 இல்லாட்டி அதுக்கு மேல எண்டு மாத்தினன், தேத்தண்ணி ஆற முதல் முடிஞ்சுது.

அந்த நம்பர் வேற ஒண்டுமில்லை, வருசமும் மாசமும். சீ99க்கு 199901, சீ11க்கு 201112, சீ17க்கு 201710. புதுசு வர வர கூடிக்கொண்டுதான் போகும், அதால சமன் போட்டா எண்டைக்கோ ஒருநாள் உடையும்.

சீ89 கொம்பைலர்ல இந்த மக்ரோவே இல்லை, 1995 திருத்தத்தோடதான் 199409 எண்டு வந்தது. இல்லாத பேரை இஃப் வரியில போட்டா ப்ரீபுரொசெஸர் (கொம்பைலுக்கு முதல் இந்த மாதிரி வரியளைப் பாக்கிற பகுதி) கத்தாது, பேசாம 0 எண்டு எடுக்கும். நல்லதுதான், ஆனா ஒரு அண்டர்ஸ்கோரை விட்டுட்டீங்களெண்டாலும் அதே 0தான்! நான் இதில அரைநாள் துலைச்சனான். டபிள்யூ அண்டெஃப் ஒப்ஷன் போட்டுவச்சா வோர்னிங் வரும். மைக்ரோசொஃப்ற் கொம்பைலரும் சீ11, சீ17 மாதிரி ஒரு பதிப்பைச் சொல்லாட்டி இந்த மக்ரோவைத் தராது.

நம்பர் பெரிசெண்டாப்போல எல்லாம் இருக்கெண்டும் இல்லை. சீ11இல த்ரெட்ஸ் (ஒரே நேரத்தில பல வேலை ஓட்டுற வசதி) கட்டாயமில்லை, எஸ்ரிடிசி நோ த்ரெட்ஸ் எண்ட மக்ரோ இருந்தா த்ரெட்ஸ் ஹெடரைத் தொடாதைங்கோ.

இதெல்லாம் சொல்லி முடிய தம்பி தன்ர மற்ற ஃபைலைத் திறந்தான். அங்கயும் அதே ரெட்டைச் சமன், மூண்டு இடத்தில.