அலுமினியத்தில் துரு ஏது என்கிறீர்கள்

ஆனி மாதக் கடைசியில், இடது பாதம் கணுக்கால் வரை வீங்கிச் சிவந்த நிலையில், ஐம்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் குடித்துப் போட்ட குளிர்பான டின்கள் இரண்டு சாக்கு சேர்ந்திருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் போடுவதற்காக அவற்றை மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கொட்டி, வெறுங்காலால் ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கியிருக்கிறார். அவற்றில் ஒன்று பக்கவாட்டில் பிளந்து உள்ளங்கால் குழிவில் ஏறிவிட்டது. காயத்தில் காப்பித் தூளை அப்பி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே குறுவை நடவுக்குச் சேற்றில் இறங்கியிருக்கிறார். என்னிடம் வந்தது ஐந்தாம் நாள். கட்டை அவிழ்த்தபோது காப்பித் தூளும் சேறும் சீழும் ஒரே பொருக்காகக் காய்ந்திருந்தன. அதை நனைத்து நனைத்து எடுப்பதற்கே அரை மணி நேரம் ஆயிற்று.

ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். “அலுமினியந்தானே டாக்டர், அதுல துரு ஏது?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதே பதிலைப் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரணஜன்னி துருவிலிருந்து வருவதில்லை. அந்த நோயை உண்டாக்கும் கிருமி மண்ணிலும், மாடு, ஆடு, குதிரை போன்ற கால்நடைகளின் சாணத்திலும் வித்து வடிவில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. துருப்பிடித்த ஆணிக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம், அது நெடுநாள் மண்ணில் கிடந்திருக்கும் என்பதும், குத்தினால் ஆழமாக, காற்றுப் புகாதபடி இறங்கும் என்பதும்தான். கருவேல முள் குத்தியும் ரணஜன்னி வரலாம். முள்ளில் என்ன துரு இருக்கிறது? தலைமுறை தலைமுறையாகக் குப்பையும் எருவும் கொட்டி, கிடை போட்டு வளமாக்கிய மண் நம்முடைய மண். அந்த மண்ணில் நிற்கிற காலில் காயம் பட்டால், பட்ட பொருள் இரும்பா, அலுமினியமா, கண்ணாடியா என்று ஆராய்வதில் பயனில்லை. காயத்துக்குள் மண் போயிருக்குமா என்பதுதான் கேள்வி. பளபளவென்று புதிதாக இருக்கும் டின்னும், மாட்டுக் கொட்டகையில் புரண்டு எழுந்தால், மண்ணில் கிடந்த ஆணிக்குச் சமம்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கையும் உண்டு. “இருபத்து நாலு மணி நேரம் தாண்டிப்போச்சு, இனிமே ஊசி போட்டு என்ன?” என்பார்கள். நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தோன்றுகின்றன. ஆகவே சீக்கிரம் வருவது நல்லது, தாமதமாக வருவதும் வராமல் இருப்பதைவிட நல்லது. முறையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கு, அழுக்கான காயம் பட்டால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலே மறு ஊசி வேண்டும். பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறோம். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் செவிலியர் வீடு தேடி வந்து நினைவூட்டுகிறார். கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று நடுத்தர வயது ஆண்களிடம் கேட்டால் விட்டத்தைப் பார்க்கிறார்கள். வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

இனி, டின்னை நசுக்குவது பற்றி. கடைக்காரர் எடைக்குத்தான் காசு கொடுக்கிறார். ஒரு டின் ஏறத்தாழ 13 அல்லது 14 கிராம். ஒரு கிலோ சேர எழுபது டின்னுக்கு மேல் வேண்டும். நசுக்குவதால் எடை ஒரு கிராம்கூடக் கூடப்போவதில்லை, சாக்கில் இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். இடம் இருக்கிறவர்கள் அப்படியே சாக்கில் கட்டிக் கொடுத்துவிடலாம். வாய்க்காலில் எறியாமல் கடையில் போடுவது நல்ல காரியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பாக்சைட் என்னும் தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும், பழையதை உருக்கிவிடலாம்.

நசுக்கியே தீர வேண்டும் என்றால், தடித்த அடிப்பாகம் உள்ள மூடிய காலணியைப் போட்டுக்கொண்டு, சமமான தரையில் டின்னை நிறுத்தி, குதிகாலால் நேராக மேலிருந்து அமுக்குங்கள். ரப்பர் செருப்பு போதாது. வயதானவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம். டின் உருண்டு, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெட்டியதே தெரியாது. மனைவியோ பேரனோ தரையில் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் தெரியும்.

கையால் முறுக்கவே கூடாது. டின்னின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். முறுக்கும்போது அது நடுவில் கிழிந்து, ரம்பப் பல் போன்ற ஓரத்தோடு விரலின் அடிப்பக்கத்தில் பாய்கிறது. நண்பர்களிடம் பலத்தைக் காட்டுவதற்காக ஒரே மூச்சில் டின்னை முறுக்கிய பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு, வேறோர் இடத்தில் தோலுக்கு மட்டும் மூன்று தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து என்னிடம் வந்தபோது ஆள்காட்டி விரலின் நுனி மடங்கவில்லை. உள்ளே தசைநாண் அறுந்திருந்தது. அறுந்த அன்றே கண்டிருந்தால் தைப்பது எளிது, ஆறு வாரத்தில் அது உள்ளே சுருங்கிவிடுகிறது. எனவே விரலில் வெட்டுப் பட்டால் நுனி தனியாக மடங்குகிறதா, விரலின் இரு பக்கமும் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இல்லை என்றாலும், காயம் நகக்கீறல் அளவே இருந்தாலும், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நறுமணத் தெளிப்பான், கொசு மருந்துத் தெளிப்பான் ஆகியவற்றின் டப்பாக்களை நசுக்காதீர்கள், துளையிடாதீர்கள், போகி நெருப்பிலும் போடாதீர்கள். தீர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் டப்பாவிலும் எரியக்கூடிய வாயு மிச்சம் இருக்கும்.

வெட்டுப் பட்டுவிட்டால், சுத்தமான துணியால் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து அழுத்திப் பிடியுங்கள். இடையில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ரத்தம் நின்றதும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். காப்பித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம், அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது உங்களுக்கு வலிப்பதைப் பார்க்க எங்களுக்கும் பிடிக்கவில்லை.

அந்த விவசாயிக்குக் காயத்தைத் திறந்து சுத்தம் செய்து, ரணஜன்னிக்கு எதிராக உடனடிப் பாதுகாப்புத் தரும் எதிர்ப்புப் புரதமும், தடுப்பூசியின் முதல் தவணையும் போட்டோம். அவர் இதுவரை தடுப்பூசியே போட்டதாக நினைவில்லாதவர். ஆகவே நான்கு வாரம் கழித்து இரண்டாவது தவணையும், அதன்பின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மூன்றாவதும் போட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கால் ஆறிவிட்டது. ஆடிப்பெருக்கு கழிந்ததும் வருகிறேன் என்று போனவர், ஆவணி பிறந்தும் இரண்டாவது ஊசிக்கு வரவில்லை.