ஆன்டிஜென் நோய்க்காரணி அல்ல

தக்கலைப் பக்கம் நடந்த ரத்ததான முகாம் ஒன்றில் பரிசோதனை மேசையில் நின்றிருந்தேன். அங்கே கொடுத்த துண்டறிக்கையில் 'ஏ வகையினரின் சிவப்பணுக்களில் ஏ நோய்க்காரணி உள்ளது' என்று அச்சிட்டிருந்தார்கள். ரத்தம் கொடுக்க வந்த அக்கா அதை வாசித்துவிட்டு, "மக்கா, எனக்க ரத்தத்துல நோய் உண்டா?" என்று கேட்டார். ஆன்டிஜென் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் நோய்க்காரணி என்று மொழிபெயர்த்திருந்தார்கள். இந்தப் பிழையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது ஒருவரைப் பயமுறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

ஆன்டிஜென் என்ற சொல்லை 1899இல் உண்டாக்கியவர் ஹங்கேரிய மருத்துவர் லாஸ்லோ டெட்ரே. எதிர்ப்பொருளை, அதாவது அந்நியப் பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை (ஆன்டிபாடி), உண்டாக்குவது என்பதே பொருள். நோய்க்கு அதில் இடமே இல்லை. கிருமியின் மேலும் ஆன்டிஜென் உண்டு என்பதால் ஆன்டிஜென் எல்லாம் கிருமி ஆகிவிடாது. பனையில் அக்கானி (பதநீர்) இறங்குகிறது என்று அக்கானியைப் பனை என்போமா?

ரத்த வகையில் ஆன்டிஜென் என்பது சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைத் தொடர். அதன் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை சேர்ந்தால் அது எச் ஆன்டிஜென். அந்த எச்சோடு என்-அசிட்டைல் கேலக்டோசமீன் என்ற இன்னொரு சர்க்கரை ஒட்டினால் ஏ, கேலக்டோஸ் ஒட்டினால் பி, எதுவும் ஒட்டாவிட்டால் ஓ. ஒற்றைச் சர்க்கரைதான் வேறுபாடு. எதிர்ப்பொருள் அதைத் தப்பாமல் கண்டுகொள்கிறது. (ரத்தத்தில் சர்க்கரை என்றதும் நம்மூரில் சுகர் வியாதியை நினைப்பார்கள். இது சாப்பாட்டில் ஏறி இறங்குவதல்ல, பிறவியில் வருவது.)

ஆன்டிஜெனை 'உடற்காப்பு ஊக்கி' என்றும் எழுதுகிறார்கள். பி வகைக்காரருக்கு ஏ ரத்தம் ஏற்றினால் எதிர்ப்பொருள் அந்தச் செல்களை உடைத்து ஆளையே கொல்லலாம். அது என்ன காப்பு? ஊக்கி என்பதோ வினையூக்கி, வளரூக்கி என்று ஏற்கெனவே பல வேலை செய்கிறது. இலங்கைத் தமிழின் 'பிறபொருளெதிரியாக்கி' கருத்தில் சரியானது, அதை மதிக்கிறேன். ஆனால் வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது ஒரு செவிலியர் அதைச் சொல்லி முடிக்க வேண்டாமா? 'எதிர்ப்பொருள் தூண்டி' போதும். திரியைத் தூண்டுவது எல்லோருக்கும் தெரிந்த செயல். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைக்காமல், அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

அக்காவின் விரலில் குத்தி கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். ஏ-க்கு எதிரான எதிர்ப்பொருள் கொண்ட நீலத் திரவம் ஒரு சொட்டு விட்டதும், திரிந்த பால்போல் மணிமணியாய்க் கூடியது. 1901இல் ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டியதும் இந்தத் திரிவை வைத்துத்தான்.

"நோயில்லக்கா, இதுதான் ஏ" என்றேன். துண்டறிக்கையை மடித்து என்னிடமே தந்துவிட்டுக் கட்டிலில் படுத்தார்.