விடை தெரியும், வாய் வராது

எட்டாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஆங்கில பீரியட். நேற்று என்ன செய்தாய் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று கைகள் எழுகின்றன; தினமும் எழும் அதே மூன்று. மற்றவர்கள் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறார்கள். ‘இதுகளுக்கு ஆர்வமே இல்லை’ என்று ஆசிரியர் அறையில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அதே கேள்வியைத் தாளில் கொடுத்து ஐந்து நிமிடம் விட்டால் கடைசி பெஞ்சிலிருந்தும் ‘ஐ வென்ட் டு மை அங்கிள் ஹவுஸ்’ வரும். அங்கிளுக்குப் பின்னால் ஒரு ‘ஸ்’ விட்டுப்போயிருக்கலாம். ஆனால் பதில் இருக்கிறது. தாளில் வருவது வாயில் வராமல் போனால், ஆர்வத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்தச் சில விநாடிகளில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பேச்சு எப்படி உருவாகிறது என்பதற்கு நெதர்லாந்து உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் ஒரு மாதிரி வகுத்தார். எதைச் சொல்வது என்று தீர்மானிப்பது ஒரு வேலை. அதற்கான சொல்லையும் இலக்கண வடிவத்தையும் எடுத்து வருவது இரண்டாவது. நாக்கையும் உதட்டையும் அசைத்து ஒலியாக்குவது மூன்றாவது. தாய்மொழியில் பின்னிரண்டும் தானாக ஓடும். பூனைப் படத்தைக் காட்டினால் சுமார் 0.6 விநாடியில் ‘பூனை’ என்று சொல்லத் தொடங்கிவிடுவோம். புது மொழியிலோ மூன்றுக்கும் கவனம் தேவை. அந்தக் கவனத்தை ஏந்தும் தற்காலிக நினைவில் ஒரே நேரத்தில் நாலைந்து பொருள்களுக்கு மேல் நிற்காது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நான் நேற்று மாமா வீட்டுக்கு...’ என்று இழுத்துவிட்டு அங்கே மூச்சு விடலாம். போனேனா, போகவில்லையா, போகலாம் என்று இருந்தேனா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் ‘ஐ’ என்ற உடனே வினை வந்து நிற்க வேண்டும், அதுவும் காலத்தோடு. தமிழில் வாக்கியத்தின் வாலில் கிடைக்கும் யோசனை நேரம், ஆங்கிலத்தில் வாயைத் திறப்பதற்கு முன்பே வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒட்டும் ‘க்கு’, ‘டு’ என்று வீட்டுக்கு முன்னால் ஓடி நிற்கிறது. பிள்ளை அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில் உள்ளே பெட்டி படுக்கையெல்லாம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நடுவே பயமும் வந்து உட்கார்கிறது. ‘தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ’ என்ற எண்ணமும் அதே தற்காலிக நினைவில்தான் இடம் பிடிக்கும். நாலு இருக்கை உள்ள வண்டியில் ஒரு இருக்கை போய்விட்டது. வினையின் இறந்தகால வடிவம் இறங்கிக்கொள்கிறது. அந்நிய மொழி வகுப்பில் மட்டும் எழும் இந்தப் பதற்றத்தை அளக்க எலைன் ஹோர்விட்ஸ் குழுவினர் 1986இல் 33 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் சோதிக்கப்படுபவற்றுள் ஒன்று, முன்தயாரிப்பு இல்லாமல் பேச நேரும்போது வரும் கலக்கம். கணக்கு வகுப்பில் துணிச்சலாக இருக்கும் பிள்ளை மொழி வகுப்பில் சுருங்குவது ஏன் என்பது இதிலிருந்து புரியும். கணக்கில் தப்பு செய்தால் விடைதான் தப்பு. பேச்சில் தப்பு செய்தால் ஆளே சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார்.

மூன்று விநாடி

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, அறிவியல் வகுப்புகளின் ஒலிநாடாக்களை வைத்து, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரி ஒரு விநாடி அளவுதான். அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே சொல்லிவிடுவார், அல்லது அடுத்தவரைக் கேட்பார். இதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத தருணங்கள் குறைந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அது சொந்த மொழியில் நடந்த வகுப்பு. இரண்டாம் மொழிக்கு ஐந்து விநாடியாவது கொடுக்க வேண்டும் என்பது நம் கணிப்பு.

ஐந்து விநாடி அமைதி வகுப்பில் ஐந்து நிமிடம் போலக் கனக்கும். மனதுக்குள் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணினால் தாங்கலாம். கேள்வியை முதலில் சொல்லி, காத்திருந்து, அதற்குப் பிறகே பெயரைச் சொல்ல வேண்டும். ‘செல்வி, நீ சொல்லு’ என்று ஆரம்பித்தால் மீதி முப்பத்தொன்பது பேரும் அந்த நொடியே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ரோ கவனித்த இன்னொரு காத்திருப்பும் உண்டு: பதில் வந்த பிறகு ‘குட்’ என்று பாய்ந்து மூடாமல் சற்று விடுவது. பல பிள்ளைகளுக்கு இரண்டாவது வாக்கியம் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

பெயர் சொல்வதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் அரை நிமிடம் சொல்லிப் பார்க்க விடுவது இன்னும் பலன் தரும். 40 நிமிட பீரியடில் பாதியை ஆசிரியரே பேசிவிட்டால், ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்கும் முறையில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரை நிமிடம். ஜோடியாகப் பேசவிட்டால் ஒரு நிமிடத்திலேயே அந்த அரை நிமிடம் எல்லோருக்கும் கிடைத்துவிடும். ஜோடி தமிழுக்குத் தாவுமே என்பது நியாயமான புகார். என்ன சொல்வது என்று திட்டமிடத் தமிழ் இருக்கட்டும். கரும்பலகையில் ‘எஸ்டர்டே ஐ...’, ‘பிகாஸ்...’ என்று இரண்டு தொடக்கங்களை எழுதிப் போட்டால், அதைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குத் திரும்புவார்கள். அரை நிமிடத்தை மூன்று நிமிடமாக்கினால்தான் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போகும்.

கடலூரிலும் நடந்த பரிசோதனை

ஆர்வத்தை முதலில் ஊட்டிவிட்டு அப்புறம் மொழியைக் கற்பிப்போம் என்ற வரிசையையே தலைகீழாக்கிய முயற்சி ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்க மொழிக்கல்வித் துறையில் பேசப்படுவது அது. பெயர்தான் பெங்களூர்; சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் அதில் இருந்தன. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை அதை நடத்தினார்.

அந்த வகுப்புகளில் இலக்கணப் பாடம் கிடையாது, திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியும் கிடையாது. தரப்பட்டவை புதிர்களும் பணிகளும்: ரயில் கால அட்டவணை, வரைபடம், வகுப்பு நேர அட்டவணை. 6.15க்குக் கிளம்பும் ரயில் 9.45க்குச் சேர்கிறது, 7.00க்குக் கிளம்புவது 10.20க்குச் சேர்கிறது, பத்து மணிக் கூட்டத்துக்குப் போக வேண்டியவர் எதில் ஏற வேண்டும், ஏன்? இந்த மாதிரிக் கேள்வியில் பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘லேட்’ எல்லாம் விடைக்குப் போகும் வழியில் கைக்கு வந்து சேரும். சொந்தக் கருத்தைச் சொல்லும் பணிகளைவிட, கொடுத்த தகவலிலிருந்து காரணம் காட்டி முடிவுக்கு வரும் பணிகளே சரிப்பட்டு வந்தன. கருத்துச் சொல்வதில் எது சரி என்று தெரியாமல் பிள்ளை தயங்கும்; அட்டவணையில் விடை உறுதியாக இருக்கிறது.

ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பாகம். முதலில் ஆசிரியர் ஒரு அட்டவணையை எடுத்து, கேள்வி கேட்டுக் கேட்டு, வகுப்போடு சேர்ந்து தீர்ப்பார். பிறகு அதே வகையான இன்னொரு அட்டவணையைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். பணியின் கடினத்தை நிர்ணயிக்கப் பிரபு வைத்த அளவு இன்றைக்கும் எந்த ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம்: வகுப்பில் பாதிப் பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்ய வேண்டும். அதற்குக் கீழே போனால் அடுத்த நாள் பணி எளிதாகும். தாண்டிப் போனால் கொஞ்சம் கடினமாகும். பிள்ளையிடம் ஆர்வம் இருக்கிறதா என்று அந்த அளவு கேட்பதே இல்லை. பாதியாவது செய்து முடித்தோம் என்ற நிலையைத் தினமும் உண்டாக்கினால் ஆர்வம் பின்னால் வரும் என்பதே கணக்கு.

பிரபுவுக்குக் குழுவேலையில் நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தாய்மொழிக்குப் போய்விடுவார்கள், போகாவிட்டாலும் ஒருவர் பிழையை இன்னொருவர் பிடித்துக்கொள்வார் என்று அவர் கருதினார். மேலே சொன்ன ஜோடிப் பேச்சு ஒத்திகை அளவில் நிற்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் திட்டத்தை 1985இல் மதிப்பிட்ட ஆய்வு, ‘தயக்கத்தோடான ஆதரவு’ என்ற அளவில் நிதானமாகவே பேசியது. பணி வகுப்புப் பிள்ளைகள் பணி சார்ந்த தேர்விலும், வழக்கமான வகுப்புப் பிள்ளைகள் இலக்கணத் தேர்விலும் முந்தினார்கள். எதைப் பழகுகிறார்களோ அது வருகிறது.

திருத்துவது எப்படி

பிள்ளை ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்கிறது. ஆசிரியர் புன்னகையோடு ‘ஓ, யூ டிட் நாட் கோ’ என்று திருத்திச் சொல்லிவிட்டு நகர்கிறார். மென்மையான வழிதான், ஆனால் பெரும்பாலும் வீணாகிறது. ராய் லிஸ்டர், லெய்லா ராந்தா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவில், ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகை. அவற்றில் 31 சதவீதத்துக்குத்தான் பிள்ளைகளிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. மற்றபடி, தான் சொன்னதை ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்றே பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கலாம். ‘ஐ டிட் நாட்...?’ என்று இழுத்து நிறுத்தி, மிச்சத்தைப் பிள்ளையே நிரப்ப விட்டபோது ஒவ்வொரு முறையும் பிள்ளை பதில் கொடுத்தது. தானே எடுத்த சொல் தங்குகிறது.

இந்தப் பிழையை விளக்கத் தமிழே உதவும். ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை, ‘போகவில்லை’தான். ‘போக’ என்பதில் காலம் இல்லை. ‘இல்லை’ வந்ததும் வினை தன் கால உடுப்பைக் கழற்றிவிடுகிறது. ‘டிட் நாட்’ வந்தால் ‘வென்ட்’ தன் உடுப்பைக் கழற்றி ‘கோ’ ஆவதும் அதே மாதிரிதான். மூன்று பக்க இலக்கண விளக்கம் செய்யாததை இந்த ஒரு ஒப்பீடு இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று தடை போடும் பள்ளிகள் இழப்பது இதைத்தான்.

எல்லாப் பிழையையும் திருத்தக்கூடாது. ஒரு பாடத்துக்கு ஒரு வகைப் பிழை. மற்றவை பொருள் குழம்பினால் மட்டும். சிவப்பு மையில் பதினெட்டு வட்டம் போட்ட நோட்டில் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும்.

ஸ்டார், சாக்லேட் பற்றியும் ஒரு சொல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர் குழுவினர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், மார்க்கர் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்பே சொல்லப்பட்டது. ஓரிரு வாரம் கழித்து, பரிசு இல்லாமல் பேனாவை வைத்தபோது, இவர்கள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் பாதி அளவுக்குக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே ஏற்கெனவே கதை படிக்கும் பிள்ளைக்கு ‘ஒரு கதைக்கு ஒரு ஸ்டார்’ என்று விலை வைக்க வேண்டாம். பாராட்டிலும் ‘சூப்பர்’ என்பது காற்றோடு போகும். ‘போன வாரம் காரணம் சொல்லவில்லை, இன்று பிகாஸ் போட்டுச் சொன்னாய்’ என்பது அடுத்து என்ன செய்வது என்று தெரிவிக்கும்.

செருப்புப் பெட்டி

இத்தனையும் செய்தாலும், தேடும்போது சொல் கிடைக்காவிட்டால் பேச்சு நின்றுவிடும். சொல்லைப் பத்து முறை எழுதும் இம்போசிஷன் இதற்கு உதவாது; மூன்றாவது முறைக்குப் பிறகு கை எழுதுகிறது, தலை எங்கேயோ இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006ஆம் ஆண்டுச் சோதனையில் ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதமும், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலை புரண்டது: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ‘இப்போதே ஒப்பி’ என்று கேட்கும் வகுப்பில் மனப்பாடம் ஜெயிப்பதும், அடுத்த வாரத் தேர்வில் கைவிடுவதும் இதனால்தான்.

வகுப்பில் இதைச் செய்ய ஒரு செருப்புப் பெட்டியும் அட்டைத் துண்டுகளும் போதும். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுக்க வேண்டும். அட்டையின் முன்பக்கம் தமிழ்ச் சொல்லோ படமோ, பின்பக்கம் ஆங்கிலச் சொல்லும் அது வரும் ஒரு சிறு வாக்கியமும். முதல் அறை தினமும், இரண்டாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்பிப் பார்க்க வேண்டும். சரியென்றால் அடுத்த அறை, தவறென்றால் மீண்டும் முதல் அறை. புதிய சொற்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு போதும். இருபது சேர்த்தால் இரண்டாவது வாரத்தில் முதல் அறை பிதுங்கி, பெட்டி பீரோ மேல் ஏறிவிடும்.

‘பாரோ’, ‘லெண்ட்’ போன்ற ஜோடிகளை ஒரே நாளில் சேர்க்கக்கூடாது. தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்து மறக்கடிக்கும். ஒன்று மூன்றாவது அறையைத் தாண்டிய பிறகு மற்றதைச் சேர்க்கலாம். நாலைந்து முறை முதல் அறைக்கே திரும்பி வரும் அட்டையைக் கிழித்துவிட்டு, அந்தப் பிள்ளையையே அந்தச் சொல்லுக்குத் தன் வீட்டு வாக்கியம் ஒன்றைச் சொல்லவைத்துப் புது அட்டை எழுதச் சொல்லலாம்: ‘மை சிஸ்டர் பாரோஸ் மை பென் எவ்ரி டே.’